பதினோராம் மாதத் தாலாட்டு

செண்பகவல்லிக்குப் பத்து மாதமும் நிறைந்து, பதினோராம் மாதமும் பிறந்து, அதில் மூன்று நாளும் கழிந்த பிறகுதான் பிள்ளை ஏன் இன்னும் வெளியே வரவில்லை என்பது கடலைமிட்டாய்க் கம்பெனிச் சந்துக்குத் தெரியவந்தது. மாடி ஸ்டூடியோவில் இருளப்பன் பாட்டை இன்னும் முடிக்கவில்லை.

தெரியவந்த விதம் இதுதான். பெரியாஸ்பத்திரியில் நர்சம்மா செண்பகவல்லியின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டபோது பிள்ளையின் இதயம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, அந்த அடிக்குப் பின்னால் ஒரு புல்லாங்குழலும் வாசித்துக்கொண்டிருந்தது. நர்சம்மா குழலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில் பெண்ணின் வயிற்றில் வைத்துப் பார்த்தாள், அங்கெல்லாம் வெறும் இதயம்தான். திரும்பவும் செண்பகவல்லியிடம் வந்தால் புல்லாங்குழல், தம்பூரா, அதன் மேல் ஒரு பெண் குரல் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது, அதுவும் செண்பகவல்லியின் குரல்.

“ஏம்மா, நீயா பாடுத?”

“நான் முறுக்குல்ல தின்னுக்கிட்டிருக்கேன் சிஸ்டர்.”

பெரிய டாக்டரம்மா வந்து கேட்டார். கேட்கக் கேட்கத் தன்னையறியாமல் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் ஆட்டம் நின்று முகம் சுருங்கியது. “நல்லா வந்து, முடிவுல என்னமோ தடுக்குதே?”

“அது இன்னும் முடியல டாக்டர். இருளப்பண்ணன் வேலை பாத்துக்கிட்டு இருக்காக.”

ஆபரேஷனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்திருந்தார்கள். இரண்டு முறையும் பிள்ளை விலாவுக்கு அடியில் ஏறிக் குறுக்கே படுத்துக்கொண்டது, பத்தாம் மாதக் கடைசியில் எவ்வளவு எடை இருந்ததோ அதில் ஒரு கிராம் கூடாமலும் குறையாமலும், யாரோ பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் காலடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் போலப் பொறுமையாக இருந்தது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு செண்பகவல்லியின் அட்டையில் நீல மையால் எழுதினார்: ‘பாட்டு நிலுவை. வாரம் ஒருமுறை வரவும்.’

செண்பகவல்லி மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். பதினோரு வருடமாகக் கோயில் கொடை மேடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் அவள் பாடியவை எல்லாம் வேறு யாரோ பாடிய பாட்டுகள், அந்த வேறு யாரோ மாதிரியே இருக்கிறது என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. ஆறாம் மாதம் வயிற்றில் பிள்ளை முதல்முதலாக நன்றாகப் புரண்டபோது, இதற்காவது தன் பாட்டாக ஒன்று இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எட்டு வரியை அவளே எழுதினாள். மெட்டும் அவளுடையதுதான். சீரியல் லைட் போடுகிற அவள் புருஷன் முனீஸ் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர, இரண்டு பேரும் இருளப்பனின் ஸ்டூடியோவுக்குப் படியேறினார்கள்.

கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு மேலே இருந்த அந்த ஸ்டூடியோவின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், ஆனால் கீழே கடலை வறுக்கிற இயந்திரம் ஓடும்போது எத்தனை அட்டை ஒட்டினாலும் பிரயோசனமில்லை. சாப்பாட்டுக்காக அதை நிறுத்துகிற மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரைதான் குரல் பதிவுசெய்ய முடியும். அதனால் அந்த ஊரில் பதிவான அத்தனை பாட்டும் பசி நேரத்தில், வெல்லப்பாகு வாசனையில் பாடப்பட்டவை. செண்பகவல்லி இரண்டு மத்தியானத்தில் பாடி முடித்தாள்.

“ஒரு வாரத்துல குடுத்துருதேன் தாயி,” என்றார் இருளப்பன். அதை அவரும் நம்பினார்.

ஒரு பாட்டை முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் இருளப்பனிடம் கணக்கு உண்டு. தேர்தல் பாட்டுக்கு அரைநாள். கொடைப் பாட்டுக்கு இரண்டு நாள். கல்யாணப் பாட்டென்றால் மாப்பிள்ளை வீட்டார் கீழே கடலைமிட்டாய் தின்று தீர்க்கும் நேரம். ஆனால் இந்த இருபத்தாறு வருடத்தில் எந்தப் பாட்டையும் பார்த்து முடிந்தது என்று அவர் வாய் சொன்னதில்லை, திருவிழா தேதியோ முகூர்த்த நேரமோ கழுத்தைப் பிடிக்கும்போது வந்தவர்களே பாட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘பைனல்’, ‘பைனல் ரெண்டு’, ‘கடைசி பைனல்’, ‘சத்தியமாகக் கடைசி’ என்று வரிசையாகப் பெயர்கள் கிடக்கும். தேதியே இல்லாத பாட்டு ஒன்று அவரிடம் வந்தது இதுதான் முதல்முறை. இந்தப் பாட்டின் தேதியைப் பிள்ளைதான் வைக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் வைப்பார் என்று பிள்ளை காத்திருந்தது.

சிக்கல் கடைசி வரியில் இருந்தது. அங்கே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆனால் பிறக்கும் முன்னே பெயர் வைக்கக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதனால் பெயர் வர வேண்டிய இடத்தில் தாளத்தின் எட்டு எண்ணிக்கையைச் செண்பகவல்லி பாடாமல் தாண்டியிருந்தாள். “பேரு பெறகு வச்சுக்கிடலாம்ணே. அந்த எடத்துல இப்போதைக்கு எதையாவது போட்டு நெரப்பிருங்க.”

அவர் புல்லாங்குழலைப் போட்டு நிரப்பினார், அது அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல இருந்தது. வயலினைப் போட்டார், அழுதது. மணியைப் போட்டார், பூசை வேளை ஆனது. கொலுசு, கிளி, மழை, குயில், வீணை என்று ஒன்றை எடுத்து ஒன்றைப் போட, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி முன்னால் இருக்கும் வரிகளைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தது, அப்படித் திருத்தியதும் புதிதாக வைத்தது பொருந்தாமல் போனது. இப்படியே ஆறாம் மாதம் பத்தாம் மாதமாகி, பத்தாம் மாதம் பதினொன்றானது.

சந்து அதை ஏற்றுக்கொண்ட விதம் பெரிது. முதல் இரண்டு நாள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், மூன்றாம் நாள் வேலை இருந்தது. ஏழாம் மாதத்துக்கு இன்னின்ன சோறு என்று உண்டு, பதினோராம் மாதத்துக்கு என்ன சோறு என்று யாருக்கும் தெரியாததால் பெண்கள் கூடிப் பேசி எள்ளுச்சோறும் பாசிப்பருப்புப் பாயசமும் என்று முடிவுசெய்தார்கள், அடுத்த வருடமே அது காலகாலமாக இருந்துவரும் வழக்கமென்று பேசப்பட்டது. வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் உடைந்துபோனதால் இரண்டாவது முறை அடுக்கினார்கள். இருளப்பனின் மனைவி பேச்சியம்மாள் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். அவளுடைய பதிவேட்டில் கர்ப்பிணிகளுக்குப் பத்து மாதத்துக்குத்தான் கட்டம் இருந்தது, அவள் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பதினொன்றாவது கட்டம் வரைந்தாள், பிறகு பன்னிரண்டாவது, மேலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் செண்பகவல்லி வாசலில் நாற்காலி போட்டு உட்காருவாள். வயிற்றில் காது வைக்க அனுமதி உள்ள பெண்கள் வைத்துக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

“இன்னைக்குக் கிளியத் தூக்கிட்டாக.”

“கிளி நல்லாத்தான இருந்துச்சு? இருளப்பண்ணாச்சிக்குக் கிளி மேல என்ன கோவம்?”

“பேஸ் கம்மி,” என்பார் ஆட்டோக்காரர், காதே வைக்காமல். “நான் அப்பயே சொன்னேன்.”

ஆட்டோக்கள் சந்துக்குள் ஆரன் அடிப்பதை நிறுத்தின. உப்பு விற்க வருகிறவர் பாட்டின் தாளத்துக்குக் கூவப் பழகினார். முனீஸ் மட்டும் பொழுது போகாத நேரமெல்லாம் வீட்டு முகப்பில் லைட் போட்டான், கழற்றினான், திரும்பவும் போட்டான். செண்பகவல்லியின் கால்கள் செங்கல் போலக் கனத்தன. ஒருக்களித்துப் படுப்பதே பெரும் வேலையானது. ஆனாலும் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டு, “எனக்கு எறங்குற ஸ்டாப் இன்னும் வரல,” என்பாள்.

பதிமூன்றாம் மாதம் பிறந்தது.

ஒருநாள் இருளப்பன் டீ குடிக்க இறங்கியபோது கீழே காளிராஜ் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். அகப்பையிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டான். டக்கென்று சத்தம் வந்தது.

“முடிஞ்சுட்டுன்னு எப்படிறா தெரியுது ஒனக்கு?”

“பாகு எங்க அண்ணாச்சி முடியுது?” என்றான் காளிராஜ், துணியை மடித்துக் கொப்பரையின் காதைப் பிடித்தபடி. “அடுப்புல கெடந்தா அது பாட்டுக்கு மாறிக்கிட்டேதான் இருக்கும். நாமதான் எறக்கணும். ஒங்க பாட்டு இந்நேரம் கரிஞ்சுல்ல போயிருக்கும்?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இருளப்பனும் சிரித்தார், ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேலேறிப் போனார்.

அடுத்த நாள் மத்தியானம், இயந்திரம் நின்ற பிறகு, அவருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றையும் ஒரு நிமிடம் அணைத்துவிட்டால், காது சுத்தமாகும், அந்த எட்டு எண்ணிக்கைக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும். குரல், தம்பூரா, தாளம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஊமையாக்கினார். கடைசிப் பொத்தானை அழுத்திக் கண்ணை மூடினார்.

சந்தின் நான்காம் வீட்டிலிருந்து முனீஸ் அலறியது முட்டை அட்டைகளைத் தாண்டிக் கேட்டது. “அண்ணே! அண்ணே! சத்தத்தக் காணோம்ணே! வயித்துல சத்தத்தக் காணோம்!”

இருளப்பனின் விரல்கள் எந்தப் பொத்தான் எதற்கு என்பதை மறந்துபோயின. மூன்று மூச்சு நேரம்தான் இருக்கும். தாளம் திரும்ப வந்தது, தம்பூரா வந்தது, நான்காம் வீட்டிலிருந்து செண்பகவல்லி உரக்க, “உதைக்குது, உதைக்குது, ஒண்ணுமில்ல,” என்று சொல்வது கேட்டது. அவர் எழுந்து சுவரோரம் போய் நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு மூன்று நாள் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் செண்பகவல்லியே பதினாறு படியும் ஏறி வந்தாள். ஏறியதும் நாற்காலியில் சரிந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

“கோவமில்லண்ணே,” என்றாள். “ஒங்களக் குத்தம் சொல்ல வரல. ஆனா எனக்கு முடியல. மொகத்தப் பாக்கணும்போல இருக்கு. அது என்னண்ணே அப்படி ஒரு பாட்டு, பிள்ளையவிட நல்லாருக்கணுமா?”

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள், படிக்குப் படி அவள் நின்றதை அவர் எண்ணினார்.

அன்று மத்தியானம் ஒரு மணிக்குத் தூக்குச்சட்டியுடன் பேச்சியம்மாள் மேலே வந்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தது அதுவே முதல்முறை. முட்டை அட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். “ஒட்டடை அடிச்சு எத்தன வருசமாச்சு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். “போடுங்க, கேப்போம்.”

அவர் போட்டார். அவள் மடியில் கைவைத்து, அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையைப் பார்க்கிறபோது முள்ளைப் பார்ப்பதுபோலக் கூர்ந்து கேட்டாள். கடைசி வரி வந்தது, வீணையும் மழையும் மணியும் சேர்ந்து அந்த எட்டு எண்ணிக்கையைக் கடந்தன.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த எடத்துல மட்டும் ஏன் கண்ட சாமானையும் போட்டு அடச்சு வச்சிருக்கீங்க?”

“வெறும விட்டா சத்தமே இல்லாம இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“அந்த மாதிரி சத்தமில்லாம இருந்தத நான் ஒரு தடவ கேட்டுட்டேன் பேச்சி.”

கீழே யாரோ குழாயில் கை கழுவினார்கள். அவர்கள் இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருபத்தாறு வருடத்துக்கு முன் பேச்சியம்மாள் பிள்ளை உண்டாகியிருந்தபோது இருளப்பனுக்கு இருபத்தேழு வயது. வழக்கத்தைப் பேசியவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு எட்டாம் மாதமே தொட்டில் கம்பி வாங்கினார், பெயர் வைத்தார், அந்தப் பெயரை வைத்து ஒரு பாட்டு செய்து, முடித்து, கேசட்டில் பதிந்து, மேலே அழகான கையெழுத்தில் பெயரையும் எழுதினார். பிள்ளை பிறந்தது, அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவர் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் பேசப்படவில்லை. கேசட் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. பாட்டை முடித்ததுதான் வினையோ, அப்படி அவளும் நினைக்கிறாளோ என்று அவர் தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டார், அவளை ஒருநாளும் கேட்கவில்லை.

“நீங்க வெளிய நின்னு கேட்டீங்க,” என்றாள் பேச்சியம்மாள். “நான் உள்ள படுத்துக் கெடந்து கேட்டேன்.”

“நான் அந்தப் பாட்ட முடிச்சிருக்கக் கூடாது.”

“பாட்டால ஒண்ணும் ஆகல. கொடி சுத்தியிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு, ஒங்களுக்கும் தெரியும். நான் ஒருநாளும் ஒங்களக் குத்தமா நெனைக்கல. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அங்கன்வாடியில இத்தன பிள்ளைகளத் தூக்கி எறக்கியிருக்கேன். ஒண்ணையும் பயந்து தூக்கல. எறக்குங்க. கீழ பாகு எறக்குதான்ல, அந்த மாதிரி எறக்கி வைங்க.”

பிறகு அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். முனீஸைப் போனில் கூப்பிட்டு, “ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ, கட்டில்ல படுக்க வச்சுட்டுப் போன் போடு, போன வைக்காத,” என்றாள். படிக்கட்டில் நின்று காளிராஜிடம், “ரெண்டு மணிக்கு மிசின ஓட்டாத, நான் சொல்லுத வரைக்கும்,” என்றாள். கம்பெனியின் சரித்திரத்தில் முதல்முறையாக இரண்டு மணிக்கு இயந்திரம் ஓடவில்லை, சந்தில் ரேடியோக்கள் அணைந்தன, குக்கர் வைத்தவர்கள் அடுப்பைக் குறைத்தார்கள், உப்புக்காரர் வண்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் மட்டும் சந்தின் முனையில் திரும்பும்போது ஒருமுறை ஆரன் அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போனில் நர்சம்மாவின் குரல் வந்தது. “குழல வச்சிருக்கேன். கேக்குது. சொல்லுங்க.”

இருளப்பன் கடைசி வரியிலிருந்து வீணையை எடுத்தார். மழையை எடுத்தார். மணியை, வயலினின் எச்சத்தை, எப்போதோ வைத்து மறந்த கொலுசை எடுத்தார். அந்த இடம் திரையில் ஒரு வெள்ளைத் துண்டாகக் கிடந்தது. மற்ற எதையும் திருத்தவில்லை, இரண்டாம் வரியில் செண்பகவல்லியின் மூச்சு சற்றே வாங்குவதைக்கூட. பொத்தானை அழுத்தினார். முதல் சுரத்திலிருந்து பாட்டு ஓடிப் பதியத் தொடங்கியது, முழுப்பாட்டுக்கு மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

முதல் வரியிலேயே போனில் செண்பகவல்லி, “யம்மா!” என்றாள். மூன்று மாதமாகப் பொறுமையாக உட்கார்ந்திருந்த பிள்ளை, இனி ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்று கிளம்பிவிட்டது. நர்சம்மா யாரையோ கத்திக் கூப்பிட்டாள். கட்டில் சக்கரம் உருண்டது. பாட்டு தன்பாட்டில் வரி வரியாகப் போனது. பேச்சியம்மாள் எழுந்து வந்து இருளப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரி வந்து, வெள்ளைத் துண்டு வந்தது.

ஒன்று. இரண்டு. ஸ்டூடியோவில் சத்தமில்லை, போனில் சத்தமில்லை, சந்தில் சத்தமில்லை. ஐந்து. ஆறு. அவள் விரல்கள் அவர் தோளில் பதிந்தன. எட்டு. ஒன்பதாவதை அவர் எண்ண வாயெடுத்தபோது, நர்சம்மா, “போடு ஒரு தட்டு,” என்று யாரிடமோ சொன்னது கேட்டது, உடனே பிள்ளை அழுதது.

அழுத அழுகையில் போன் கரகரத்தது.

“சுருதியில இல்ல,” என்றார் இருளப்பன், கண்ணீர் மூக்குவரை வழிய.

“அதையும் திருத்தப் போறீங்களா?” என்றாள் பேச்சியம்மாள். பிறகு படிக்கட்டுக்குப் போய்க் கீழே குனிந்து, “ஓட்டுப்பா மிசின,” என்றாள்.

பாட்டுக்கு அவர் ‘பைனல்’ என்று பெயர் வைக்கவில்லை. ‘தாலாட்டு’ என்று மட்டும் வைத்தார். பெண் பிள்ளை. பதினாறாம் நாள் பெயர் வைத்தார்கள், அன்று பாட்டைப் போட்டு, கடைசி வரியில் இடம் வந்ததும் செண்பகவல்லி குனிந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள், முனீஸின் லைட்டெல்லாம் ஒருசேர எரிந்தது. பேச்சியம்மாள் பதிவேட்டில் பதிமூன்று கட்டங்களையும் ஒரு கோடு இழுத்து முடித்தாள். பாட்டு போன் விட்டுப் போன் போய் ஊர் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த எட்டு எண்ணிக்கையில் அவரவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள், நீளமான பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்கள். அங்கன்வாடியில் மத்தியானத் தூக்கத்துக்கு அதைப் போட்டால் முப்பத்தொரு பெயரை எப்படி அதற்குள் அடக்குவது என்று பேச்சியம்மாள் ஒரு வாரம் திண்டாடி, நாளுக்கொரு பெயரென்று முறை வைத்தாள். இருளப்பன் இப்போதெல்லாம் கொடைப் பாட்டுக்காரர்களிடம், “முடிஞ்சுட்டு, எடுத்துட்டுப் போங்க,” என்று அவராகவே சொல்கிறார் என்றும், பாதி பேர் அதை நம்பாமல் இன்னும் ஒருமுறை கேட்கிறார்கள் என்றும் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருளப்பன் உள்ளறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஜன்னல் மேல் போன் பாடிக்கொண்டிருந்தது. கடைசி வரி வந்தது. அந்த இடம் வந்தது. அவள் உரிப்பதை நிறுத்தாமல், அங்கே விளையாடிக்கொண்டிருக்கிற யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதுபோல, இருபத்தாறு வருடமாகச் சேலைகளுக்கு அடியில் கிடந்த பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயருக்கு மூன்று எண்ணிக்கைதான் ஆனது. மீதி ஐந்தை அவர் எண்ணவில்லை.